பட்டாபிராம் டு புதுச்சேரி: ஓன் போர்டு காரை வாடகைக்கு எடுத்தால் என்ன சிக்கல்? டி போர்டு, செல்ஃப் டிரைவ், டிராப் டாக்ஸி... எது பெஸ்ட்? முழு விவரம்

சனி, ஞாயிறோடு சேர்ந்து திங்கட்கிழமையும் லீவு வந்துவிட்டால் போதும். "பாண்டி போலாமா?" என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். அடுத்த கேள்வி, "வண்டிக்கு என்ன பண்றது?"

அப்போதுதான் ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் கண்ணில் படும். "7 சீட்டர் இருக்கு, ஓன் போர்டு, நீங்களே ஓட்டிக்கலாம், ரேட் கம்மி." போன் செய்தால், "ஆதார் ஒரிஜினல் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்கண்ணா. வழியில யாராவது கேட்டா, மாமா வண்டின்னு சொல்லிடுங்க" என்பார்கள்.

ஏன் மாமா வண்டி என்று சொல்லச் சொல்கிறார்கள்? அந்த ஒரு பொய்க்குப் பின்னால் பர்மிட், இன்ஷூரன்ஸ், நஷ்ட ஈடு என மூன்று பெரிய விஷயங்கள் இருக்கின்றன. பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கமிருந்து புதுச்சேரிக்கு வாடகை காரில் கிளம்பும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

நம்பர் பிளேட் நிறம் என்ன சொல்கிறது?

வண்டியை வாடகைக்கு விடலாமா, கூடாதா என்பதை நம்பர் பிளேட்டின் நிறமே சொல்லிவிடும்.

* வெள்ளை பிளேட், கறுப்பு எழுத்து: சொந்தப் பயன்பாட்டுக்கான கார். நம்ம ஊரில் 'ஓன் போர்டு'. வாடகைக்கு விடக்கூடாது.
* மஞ்சள் பிளேட், கறுப்பு எழுத்து: டாக்ஸி. 'டி போர்டு'. டிரைவரோடு வாடகைக்கு வரும் வண்டி.
* கறுப்பு பிளேட், மஞ்சள் எழுத்து: செல்ஃப் டிரைவ் வாடகைக்கு உரிமம் பெற்ற வண்டி. நீங்களே ஓட்டலாம்.
* பச்சை பிளேட்: எலெக்ட்ரிக் கார். எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி, மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி.

பிளேட்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. வண்டி நம்பரை முன்கூட்டியே வாங்கி, மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் வகை 'மோட்டார் கேப்' என்று இருந்தால் அது வாடகை வண்டி. 'மோட்டார் கார்' என்று மட்டும் இருந்தால் சொந்த வண்டி. இன்ஷூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்றிதழ் எதுவரை செல்லும் என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலைதான்.

ஓன் போர்டு வண்டியில் போனால் என்ன ஆகும்?

வழியில் எதுவும் நடக்காதவரை ஒன்றும் ஆகாது. பலரும் போய்விட்டு வருவதற்கு அதுதான் காரணம். ஆனால் சோதனையிலோ விபத்திலோ சிக்கினால் கதை மாறிவிடும்.

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 66-வது பிரிவுப்படி, வாடகைக்கு ஓடும் வண்டிக்கு பர்மிட் கட்டாயம். பர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவு பாயும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. இதற்கெல்லாம் ஓனர்தானே பொறுப்பு என்று நினைக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு வண்டியை ஓட்டுபவரையும் சேர்த்தே சொல்கிறது. வண்டியை நிறுத்திவைத்தால், குடும்பத்தோடு நடுரோட்டில் நிற்கப் போவதும் நீங்கள்தான்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சொந்தக் காருக்கான பாலிசியில் 'வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தினால் செல்லாது' என்ற நிபந்தனை இருக்கும். வண்டியில் இடிபட்ட எதிராளிக்கு இழப்பீடு தர வேண்டி வந்தால், சில வழக்குகளில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. ஆனால் காரின் சேதத்துக்கான கிளைமை நிறுவனம் நிராகரித்துவிடலாம். அந்தச் செலவை ஓனர் யார் தலையில் கட்டுவார்? உங்கள் ஒரிஜினல் ஆதார் அவர் கையில்தான் இருக்கிறது.

காரில் வந்த மனைவி, பிள்ளைகள், அப்பா, அம்மாவுக்கு அடிபட்டால் அவர்களுக்கான இழப்பீடும் இழுபறிதான்.

"நண்பர் வண்டி, சும்மா கொடுத்தார்" என்று சொன்னால் தப்பிக்க முடியாதா? ஜிபே-யில் அட்வான்ஸ் அனுப்பிய பதிவும், வாட்ஸ்அப்பில் ரேட் பேசிய மெசேஜும் போனிலேயே இருக்கின்றன. விபத்து வழக்கு என்று வந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் விசாரிக்கும். பொய் சொல்லி கிளைம் கேட்டது தெரிந்தால் அது தனிச் சிக்கல்.

அதேநேரம், உறவினரோ நண்பரோ காசு வாங்காமல் உண்மையிலேயே கொடுக்கும் ஓன் போர்டு வண்டியில் போவதில் தவறு எதுவும் இல்லை. ஓட்டுபவரிடம் லைசென்ஸும், வண்டிக்கு நடப்பு இன்ஷூரன்ஸும் இருந்தால் போதும்.

செல்ஃப் டிரைவ் சட்டப்படி சரிதானா?

சரிதான். ஆனால் அதற்கென்று தனி உரிமம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவின்கீழ் 1989-ல் மத்திய அரசு 'ரென்ட் ஏ கேப்' திட்டத்தைக் கொண்டுவந்தது. குறைந்தது 50 கார்கள் வைத்திருக்கும் நிறுவனம்தான் உரிமம் கேட்க முடியும் என்று அந்தத் திட்டம் வகுத்தது. வீட்டு வாசலில் நிற்கும் ஒரே ஒரு காரை வாடகைக்கு விடுபவருக்கு இந்த உரிமம் கிடைத்திருக்க வாய்ப்பில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

செயலி வழியாக புக் செய்தாலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். செயலி பிரபலமானது என்பதற்காக, வரும் வண்டி கறுப்பு பிளேட்டாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. வண்டி நம்பர் வந்ததும் பிளேட் நிறத்தைக் கேட்டுவிடுங்கள்.

டாக்ஸி வகை வண்டியை ஓட்ட தனி லைசென்ஸ் வேண்டுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட எடையுள்ள வண்டியை, இலகுரக வாகனத்துக்கான சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. கார்கள் எல்லாம் இந்த எடைக்குள் அடங்கிவிடும்.

புதுச்சேரி என்றால் பர்மிட் ஏன் முக்கியம்?

மாமல்லபுரம் போனாலும் புதுச்சேரி போனாலும் ஒரே கடற்கரைதான். ஆனால் வண்டிக்கு இரண்டும் ஒன்றல்ல. மாமல்லபுரம் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம்.

இந்த எல்லைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, சில ஆண்டுகளில் திருப்பிக் கொடுத்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரையே தரைமட்டமாக்கினார்கள். பிறகு மீண்டும் பிரெஞ்சு ஆட்சி வந்தது. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகள் அப்படியே தனிப் பிரதேசமாகிவிட்டன. அதனால்தான் இன்றும் டாக்ஸி டிரைவரிடம் "பாண்டி பர்மிட் இருக்கா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லையும் நேர்கோடு கிடையாது. தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. புதுச்சேரி டூர் என்று கிளம்புபவர்கள் பார்க்கும் ஆரோவில், பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் வருகிறது. படகு சவாரிக்குப் பெயர் பெற்ற பிச்சாவரம் கடலூர் மாவட்டம். ஆக, இரண்டு நாள் டூரில் வண்டி இந்த எல்லையைப் பல முறை தாண்டும்.

டி போர்டு வண்டியில் அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருந்தால் இந்தக் கவலை இல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் பர்மிட் என்றால், புதுச்சேரிக்குத் தற்காலிக பர்மிட் எடுக்க வேண்டிவரும். அந்தச் செலவு யாருடையது என்பதை புக்கிங்கின்போதே பேசிவிடுங்கள். இல்லையென்றால் பாதி வழியில், "சார், பர்மிட் காசு தனி" என்ற பேச்சு வரும்.

எந்த ரூட்? எத்தனை டோல்?

பட்டாபிராம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சென்னைக்குள் நுழையாமலேயே தெற்கே போய்விடலாம். நெமிலிச்சேரியில் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏறினால் சுமார் 30 கி.மீ. தூரத்தில் வண்டலூர். வழியில் கோலப்பஞ்சேரி, வரதராஜபுரம் ஆகிய இரண்டு டோல்கள் வரும்.

வண்டலூரிலிருந்து இரண்டு வழிகள்:

* ஜிஎஸ்டி ரோடு: செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. பட்டாபிராமிலிருந்து மொத்தம் ஏறத்தாழ 160 கி.மீ. பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி டோல்கள் உண்டு. லீவு நாட்களில் செங்கல்பட்டு வரை நெரிசல் அதிகம்.
* ஈசிஆர்: கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் வழியாகப் புதுச்சேரி. சுமார் 170 கி.மீ. மாமல்லபுரத்தில் இறங்கி, யுனெஸ்கோ 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கடற்கரைக் கோயிலையும் ரதங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

டோல் கட்டணம் வாடகையில் சேர்த்தியா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிரைவரின் ஃபாஸ்டேக்கில் கழியும் தொகைக்கு மெசேஜைக் காட்டச் சொல்லிக் கணக்குப் பார்க்கலாம்.

எவ்வளவு செலவாகும்?

வண்டிக்கு வண்டி, சீசனுக்கு சீசன் ரேட் மாறும். கணக்குப் போடும் முறை தெரிந்தால் போதும். நான்கு பேர், இரண்டு நாள், ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 360 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள ரேட்கள் எல்லாம் கணக்கு புரிவதற்கான உதாரணங்கள் மட்டுமே.

டிரைவரோடு டி போர்டு கார்: வெளியூர் வாடகையில் 'ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ.' என்ற கணக்கு வழக்கத்தில் இருக்கிறது. அப்படியானால், நீங்கள் 360 கி.மீ. ஓடினாலும் இரண்டு நாளைக்கு 500 கி.மீ.-க்குப் பணம் கட்ட வேண்டும். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 7,000 ரூபாய். டிரைவர் பேட்டா நாளுக்கு 500 வீதம் 1,000. ஆக மொத்தம் 8,000 ரூபாய். டோல், பார்க்கிங் தனி. கிலோமீட்டர் கணக்கு உங்கள் வீட்டு வாசலில் தொடங்குகிறதா, அல்லது வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே தொடங்குகிறதா என்பதையும் கேளுங்கள்.

டிராப் டாக்ஸி: போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி. ஒரு வழிக்கு 160 கி.மீ., கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்றால் 2,400. பேட்டா 400. இரு வழிக்கும் சேர்த்து 5,600 ரூபாய், டோல் தனி. ஊருக்குள் சுற்ற ஆட்டோ செலவு கூடும்.

கறுப்பு பிளேட் செல்ஃப் டிரைவ்: நாளுக்கு 2,800 வீதம் 5,600. லிட்டருக்கு 15 கி.மீ. மைலேஜ் என்றால் 24 லிட்டர், தோராயமாக 2,400 ரூபாய். இதுவும் 8,000 ரூபாய். டெபாசிட் தனி, அது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். டோல் உங்களுடையது.

ஓன் போர்டு: நாளுக்கு 1,800 வீதம் 3,600. எரிபொருளோடு சேர்த்து 6,000 ரூபாய்.

அதாவது, சட்டப்படியான செல்ஃப் டிரைவோடு ஒப்பிட்டால் மிச்சமாவது 2,000 ரூபாய். நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 500. டிராப் டாக்ஸியோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மிச்சமே இல்லை. இதற்காகத்தான் இன்ஷூரன்ஸ் இல்லாத பயணத்தை மேற்கொள்கிறோம்.

புதுச்சேரிக்குள் கார் தேவையா?

இதைப் பலரும் யோசிப்பதில்லை. பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் சின்ன இடம்தான். நேர்கோட்டுத் தெருக்கள், குறுக்கே பெரிய வாய்க்கால், அந்தப் பக்கம் தமிழர் பகுதி. மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், கடற்கரை எல்லாமே நடந்து போகும் தூரம். கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. லீவு நாட்களில் பார்க்கிங் கிடைப்பதும் கஷ்டம்.

ஆக, நீங்கள் நாள் வாடகை கட்டும் கார் பாதி நேரம் லாட்ஜ் வாசலில் தூங்கும். ஊருக்குள் மட்டும் இருக்கப் போகிறவர்களுக்கு டிராப் டாக்ஸியே போதும். ஆரோவில், அரிக்கமேடு, பிச்சாவரம் என்று வெளியே சுற்றும் திட்டமோ, நடக்க முடியாத பெரியவர்களோ இருந்தால் முழு நேர கார் எடுக்கலாம்.

அங்கே வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கூட்டருக்கும் இதே விதிதான். இருசக்கர வாகனங்களை வாடகைக்கு விட 1997-ல் வந்த தனித் திட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். வெள்ளை பிளேட் ஸ்கூட்டரை நீட்டினால், வேறு கடை பார்ப்பது நல்லது.

சாவி வாங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

* ஒரிஜினல் ஆதார், பாஸ்போர்ட், ஆர்.சி. புக் எதையும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். ஆதாரின் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' நகல் கொடுக்கலாம்.
* வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். கீறல், பம்பர், கண்ணாடி, டயர், ஸ்டெப்னி, கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் முள் எல்லாம் தெரிய வேண்டும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் இதேபோல எடுங்கள். டெபாசிட் தகராறில் உங்களுக்குச் சாட்சி இந்த வீடியோதான்.
* எவ்வளவு பெட்ரோலோடு தருகிறார்களோ அதே அளவில் திருப்பித் தர வேண்டுமா என்று கேளுங்கள். புதுச்சேரியில் பெட்ரோல் விலை வழக்கமாகத் தமிழ்நாட்டைவிடக் குறைவு. திரும்பும்போது அங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்ளலாம்.
* விபத்து நடந்தால் நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
* ஒப்பந்தத்தில் வண்டி எடுத்த நேரம், விட்ட நேரம் இருக்கட்டும். அதற்கு முன்போ பின்போ வரும் போக்குவரத்து அபராதம் உங்கள் தலையில் விழாது.
* அட்வான்ஸ் முழுவதையும் வண்டியைப் பார்க்கும் முன் அனுப்பாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிட்டால் உடனே 1930 சைபர் கிரைம் உதவி எண்ணை அழையுங்கள்.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது

புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு என்று பாட்டிலோடு கிளம்புபவர்கள் உண்டு. அங்கே வாங்கிய மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்கீழ் வழக்காகலாம். வண்டியையும் பறிமுதல் செய்ய அந்தச் சட்டத்தில் இடமுண்டு. வாடகை வண்டியில் பிடிபட்டால் டிரைவரின் பிழைப்பும் சேர்ந்து போகும். "டிக்கியில ஓரமா வெச்சுக்கலாம்ணா" என்று டிரைவரே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது 185-வது பிரிவு. அந்த நிலையில் விபத்து நடந்தால் கறுப்பு பிளேட் வண்டியின் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காமல் போகலாம்.

டிரைவரோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, டிரைவரின் தூக்கம். நீங்கள் லாட்ஜில் படுத்துவிடுவீர்கள். அவர் எங்கே படுக்கிறார்? பலர் காரின் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கொசுக்கடியில் கிடக்கிறார்கள். மறுநாள் இரவில் உங்கள் குடும்பத்தை ஓட்டிக்கொண்டு வரப்போகிறவர் அவர்தான். டிரைவர் தங்க இடம் இருக்கிறதா என்று லாட்ஜில் முன்பே கேட்டுவிடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்?

* அடிபட்டவர்களைக் கவனியுங்கள். ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033.
* வண்டிகள் இருக்கும் நிலையிலேயே போட்டோ எடுங்கள்.
* வாடகை நிறுவனத்துக்கும் போலீசுக்கும் உடனே தகவல் சொல்லுங்கள்.
* "நீங்க ஓட்டலைன்னு சொல்லிடுங்க, வேற ஆள் பேரைப் போட்டுக்கலாம்" என்ற யோசனைக்குச் சம்மதிக்காதீர்கள்.
* டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில்லும் ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும். ஓன் போர்டு வண்டிக்கு இவை இரண்டுமே பெரும்பாலும் கிடைக்காது.

சுருக்கமாக...

வண்டியை புக் செய்யும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். "பிளேட் என்ன கலர்?", "பாண்டி பர்மிட் இருக்கா?", "பில் தருவீங்களா?"

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம். "அதெல்லாம் பார்க்க மாட்டாங்கண்ணா, மாமா வண்டின்னு சொல்லுங்க" என்று பதில் வந்தால், 2,000 ரூபாய் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, வேறு வண்டி பாருங்கள்.